தட்டான் ஏன் வளையமாகப் பறக்கிறது? பூச்சிகளின் இணைசேர்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு பூச்சி பார்க்கப் போவது என் வழக்கம். எந்த வயதுக்காரர் வந்தாலும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் அந்த இடத்திலேயே சத்தமாகக் கேட்பார்கள். சிலர் எல்லோரும் கலைந்த பிறகு தனியாக வந்து கேட்பார்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

ரெண்டு பூச்சி பின்பக்கமா ஒட்டிக்கிட்டு நடக்குதே, அது சண்டையா?

சண்டை இல்லை, இணைசேர்க்கை. மரத்தடியில் கூட்டமாகத் திரியும் சிவப்பு நாவாய்ப்பூச்சிகளிடம் இதை எளிதாகப் பார்க்கலாம். பெரியது பெண். அது தன் போக்கில் முன்னால் நடக்கும். சின்னது ஆண். அது பின்னாலேயே இழுபட்டுப் போகும். பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கில்கூட இப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

விந்தைக் கொடுத்து முடிக்க இவ்வளவு நேரம் தேவையே இல்லை. பிறகு ஏன் விடாமல் இருக்கிறது என்றால், அதற்கான காரணம் கீழே ராணித் தேனீ, தட்டான் பற்றிய பதில்களில் வருகிறது. இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகளுக்கு அதுதான் திறவுகோல்.

ஆண் எது, பெண் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெரும்பாலான பூச்சிகளில் பெண்ணின் உடல் பெரியது, வயிறு பருத்தது. முட்டை சுமக்க வேண்டுமே. உணர்கொம்பையும் பாருங்கள். ஆண் கொசுவுக்கும் பல ஆண் அந்துப்பூச்சிகளுக்கும் அது இறகு போல விரிந்திருக்கும். சுவர்க்கோழியின் பின்னால் ஊசி போல ஒன்று நீண்டிருந்தால் அது பெண். அது கொடுக்கு இல்லை, மண்ணுக்குள் முட்டை வைக்கும் குழாய். பயப்பட வேண்டாம்.

இத்துணூண்டு பூச்சி இவ்வளவு பெரிய உலகத்துல தன் துணையை எப்படித் தேடிக் கண்டுபிடிக்குது?

வாசனை, சத்தம், வெளிச்சம். இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலானவை தேடுகின்றன. வாசனைக்குப் பட்டுப்பூச்சியை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. கூட்டிலிருந்து வெளியே வந்த பெண், வயிற்று நுனியில் இருக்கும் இரண்டு சிறிய மஞ்சள் சுரப்பிகளை வெளியே தள்ளிவிட்டு அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச தூரத்தில் சும்மா கிடக்கும் ஆணுக்கு அந்த வாசனை பட்ட மறுகணம் சிறகுகள் படபடக்கும். அதற்குப் பறக்கத் தெரியாது. ஆனாலும் சிறகை அடித்துக்கொண்டே, வளைந்து வளைந்து நடந்து பெண்ணிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த வாசனைப் பொருளைப் பிரித்தெடுத்தவர் அடோல்ஃப் புடேனாண்ட் என்ற ஜெர்மன் வேதியியலாளர். கிட்டத்தட்ட 20 ஆண்டுகள், சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகள், கடைசியில் கையில் கிடைத்தது சில மில்லிகிராம். 1959-ல் அதன் வேதி அமைப்பை வெளியிட்டார். பெயர் பாம்பிகால். ஒரே இனத்துக்குள் சேதி சொல்லும் இப்படிப்பட்ட பொருள்களைக் குறிக்கும் 'ஃபெரோமோன்' என்ற சொல்லும் அதே 1959-ல்தான் பிறந்தது. இன்று விவசாயிகள் வயலில் தொங்கவிடும் இனக்கவர்ச்சிப் பொறி இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் குப்பி பெண்ணின் வாசனையை விட்டுக்கொண்டே இருக்கும், ஆண் அந்துப்பூச்சி வந்து மாட்டிக்கொள்ளும்.

ராத்திரி பூரா கத்துறது ஆணா, பொண்ணா? வாயாலயா கத்துது?

கத்துவது ஆண். வாய்க்கு அதில் வேலையே இல்லை. சுவர்க்கோழியின் ஒரு முன்சிறகில் அரம் போன்ற பல்வரிசை இருக்கும், இன்னொன்றில் கூரான விளிம்பு. இரண்டையும் உரசினால் அந்தச் சத்தம் வரும். கேட்கும் காது முன்னங்கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பகலில் மரத்தில் இருந்து காதைத் துளைக்கும் சிள்வண்டின் முறை வேறு. அதன் வயிற்றின் இரு பக்கமும் மத்தளத் தோல் போன்ற சவ்வு உண்டு. தசை அதை உள்ளே இழுத்து இழுத்து விட, சத்தம் வருகிறது.

கத்துவதில் ஆபத்தும் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளுக்கு வந்து சேர்ந்த ஒரு வகை ஈ, சுவர்க்கோழியின் சத்தத்தைக் கேட்டே அதைத் தேடிப் போய் மேலே தன் புழுக்களை விடும். புழு உள்ளே புகுந்து சுவர்க்கோழியைத் தின்று தீர்த்துவிடும். காவாய் தீவில் என்ன ஆயிற்று தெரியுமா? 20 தலைமுறைக்குள், சிறகில் அரம் இல்லாத ஊமை ஆண்கள் பெருகிவிட்டன. 2006-ல் இதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஊமை ஆணுக்கு எப்படி ஜோடி கிடைக்கும் என்று உடனே கேட்பீர்கள். இன்னும் கத்திக்கொண்டிருக்கும் சில ஆண்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சத்தத்தைக் கேட்டு வரும் பெண்ணை வழியிலேயே மடக்கும்.

மின்மினி எதுக்கு விட்டு விட்டு மின்னுது?

ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தாளம். எத்தனை மின்னல், எவ்வளவு இடைவெளி என்பதுதான் அதன் முகவரி. பல இனங்களில் ஆண் பறந்தபடி மின்னும். புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண், தன் இனத்து ஆண் என்று தெரிந்தால் சரியான இடைவெளி விட்டுப் பதில் மின்னும். அப்புறம் ஆண் இறங்கி வரும்.

இந்தப் பாஷையைத் திருடியும் பிழைக்கலாம். அமெரிக்காவில் உள்ள ஃபோட்டூரிஸ் வகைப் பெண் மின்மினி, வேறு இனத்துப் பெண்ணைப் போலவே பதில் மின்னி, ஆசையோடு வரும் ஆணைப் பிடித்துத் தின்னும். வயிறு நிறைவதோடு, அந்த ஆணின் உடலில் உள்ள நச்சும் இதற்குக் கிடைக்கிறது. சிலந்திகள் அதன் பிறகு இதை நெருங்குவதில்லை. ஒரு வார்த்தை: வாசலில் இரவு முழுக்க எரியும் விளக்கு இந்தப் பேச்சையே அழித்துவிடும். மின்மினி இருக்கும் இடத்தில் தேவையில்லாத விளக்கை அணைத்து வையுங்கள்.

சாயங்காலம் தலைக்கு மேல கொசு தூண் மாதிரி சுத்துதே, கடிக்க வருதா?

கடிக்காது. அந்தத் தூணில் இருப்பவை அனேகமாக எல்லாமே ஆண்கள். ஆண் கொசு ரத்தம் குடிப்பதே இல்லை. கொசு போலவே இருக்கும் வேறு சிறு ஈக்களும் இப்படிச் சுற்றும். ஒரு செடி, ஒரு கம்பம், நம் தலை என எதையாவது அடையாளமாக வைத்துக்கொண்டு அதன் மேல் கூடி, பெண் உள்ளே வருவதற்காகக் காத்திருக்கும். நீங்கள் நகர்ந்தால் தூணும் கூடவே நகரும்.

உள்ளே வரும் பெண்ணை ஆண் அதன் ரீங்காரத்தை வைத்துக் கண்டுகொள்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவில் பெண்ணின் சிறகு நொடிக்குச் சுமார் 400 முறையும், ஆணின் சிறகு சுமார் 600 முறையும் அடிக்கும். இரண்டும் நெருங்கியதும் வேகத்தைக் கொஞ்சம் மாற்றி, 1200 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 1200 அதிர்வில், இரண்டின் மேல்சுரங்களும் (சிறகடிப்பின் மடங்குகளாக எழும் சுரங்கள்) ஒன்றாகச் சேரும்படி சுருதி சேர்த்துக்கொள்ளும். 2009-ல் வெளியான ஆய்வு இது. காதில் கேட்டால் அடித்துவிடத் தோன்றும் அந்த 'ங்ங்' சத்தத்துக்குள் இவ்வளவு இருக்கிறது.

ஆண் தேனீ சேர்ந்த உடனே செத்துடும்னு சொல்றாங்க. அப்புறம் ராணி எப்படி வருஷக்கணக்கா முட்டை போடுது?

இதுதான் நான் சொன்ன திறவுகோல். நம்மைப் போன்ற பாலூட்டிகளில் சேர்க்கைக்கும் கருத்தரிப்புக்கும் நடுவில் பெரிய இடைவெளி கிடையாது. பூச்சிகளில் அப்படி இல்லை. பெண்ணின் உடலில் விந்தைச் சேர்த்து வைக்க ஒரு பை இருக்கிறது. விந்துப்பை என்று வைத்துக்கொள்வோம். ஆண் கொடுத்த விந்து நேராக முட்டைக்குப் போவதில்லை, இந்தப் பைக்குப் போகிறது. பிறகு முட்டை வெளியே வரும்போதுதான், வழியில், பையிலிருந்து கொஞ்சம் விந்து விடப்படுகிறது.

இளம் ராணித் தேனீ பிறந்த சில வாரங்களுக்குள் வானத்தில் பறந்து சுமார் 10 முதல் 20 ஆண்களோடு சேரும். ஒவ்வோர் ஆணின் உறுப்பும் பிய்ந்து ராணியிடமே நின்றுவிடும், ஆண் விழுந்து சாகும். அந்தச் சில நாள் சேமிப்பை வைத்துக்கொண்டு, சில ஆண்டுகள், உச்ச காலத்தில் நாளுக்கு 1500-க்கும் மேல் முட்டை வைக்கிறது. எறும்பு ராணிக்கும் இதே கதை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஒரு கருப்புத் தோட்ட எறும்பு ராணி 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது.

தட்டான் ரெண்டு வளையமா பறக்குதே, அந்த வளையத்துக்கு என்ன அர்த்தம்?

குளக்கரையில் ஒரு காலை நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் முழுவதையும் பார்க்கலாம். ஆண் தட்டானின் விந்து வெளியே வருவது வால் நுனியில். ஆனால் புணர்ச்சி உறுப்பு இருப்பதோ வாலின் அடிப்பக்கத்தில், நெஞ்சை ஒட்டி. ஆகவே ஆண் முதலில் வாலை மடக்கி, நுனியிலிருந்து அடிப்பக்கத்துக்கு விந்தை மாற்றி வைத்துக்கொள்கிறது. பிறகு வால் நுனியில் உள்ள கொடுக்கிகளால் பெண்ணின் தலையைப் பிடிக்கிறது. ஊசித்தட்டானாக இருந்தால் கழுத்துப் பக்கம். இப்போது பெண் தன் வாலை வளைத்து ஆணின் நெஞ்சுக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்தால் வளையம். ஊசித்தட்டானில் அது அச்சு அசல் இதய வடிவத்தில் இருக்கும்.

அந்த வளையத்துக்குள் நடப்பது என்ன என்பதை 1979-ல் ஜோனதன் வாகே என்ற ஆய்வாளர் காட்டினார். ஊசித்தட்டானின் ஆண் உறுப்பில் பின்னோக்கிய முட்கள் இருக்கின்றன. அவற்றால், முந்தைய ஆண் பெண்ணின் விந்துப்பையில் விட்டுச்சென்ற விந்தைத் தோண்டி வெளியே எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் தன்னுடையதை வைக்கிறது! நேரத்தில் பெரும்பகுதி இந்தச் சுத்தம் செய்யும் வேலைக்கே போகிறது.

அடுத்த ஆண் வந்தால் தனக்கும் இதே கதிதான் அல்லவா? அதனால்தான் சேர்க்கை முடிந்தும் ஆண் விடுவதில்லை. பெண் நீரில் முட்டை வைத்து முடிக்கும்வரை தலையைப் பிடித்தபடியே கூடப் பறக்கும், அல்லது மேலே வட்டமிட்டுக் காவல் காக்கும். முதல் கேள்வியில் இழுபட்டு நடந்த நாவாய்ப்பூச்சி செய்ததும் இதே காவல்தான். சில வண்ணத்துப்பூச்சிகள் இன்னும் ஒரு படி மேலே போய், பெண்ணின் துவாரத்தை மெழுகு போன்ற ஒன்றால் அடைத்துவிட்டே கிளம்புகின்றன.

பொண்ணுக்கு விருப்பம் இல்லைன்னா?

மறுக்கும். அது நிறையப் பேர் கவனிக்காத பக்கம். பெண் வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்து வயிற்றை மேலே தூக்கிவிட்டால் ஆணால் ஒன்றும் செய்ய முடியாது. பழ ஈ உதைத்துத் தள்ளும். ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் ஒரு வகைப் பெண் தட்டான், துரத்தும் ஆணிடமிருந்து தப்பிக்கத் திடீரெனத் தரையில் விழுந்து செத்தது போல மல்லாக்கக் கிடப்பதை 2017-ல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆண் போனதும் எழுந்து பறந்துவிடும்.

பூச்சி பரிசு கொடுக்கும்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

நிஜம். நடன ஈ என்று ஒரு குடும்பம் உண்டு. ஆண் ஒரு சிறு பூச்சியைப் பிடித்துக்கொண்டு வரும், பெண் அதைத் தின்னும் நேரத்தில் சேர்க்கை நடக்கும். சில இனங்களில் அந்த இரையைப் பட்டு நூலால் சுற்றிப் பொட்டலம் கட்டிக் கொண்டுவரும். வேறு சிலவற்றில் வெறும் நூல் உருண்டைதான், உள்ளே ஒன்றும் இருக்காது. பெண் அதையும் வாங்கிக்கொள்கிறது.

கண்ணுக்குத் தெரியாத பரிசுகளும் உண்டு. ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும் வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஆண்கள். அவை தேடுவது உப்பு. அதில் ஒரு பங்கு விந்தோடு பெண்ணுக்கும், அதன் வழியே முட்டைக்கும் போகிறது. வெந்தய வரியன் ஆண்கள் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பைச் செடிகளின் காய்ந்த தண்டில் மொய்ப்பதும் இப்படித்தான். அதிலுள்ள கசப்பு நஞ்சை எடுத்து, பெண்ணை மயக்கும் வாசனையாக மாற்றிக்கொள்கின்றன. அடுத்த முறை அந்தச் செடியைப் பார்த்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காலால் தண்டைச் சுரண்டிச் சுரண்டி உறிஞ்சும்.

கும்பிடுபூச்சி புருஷனையே தின்னுடுமாமே?

சில நேரம் தின்னும், எல்லா நேரமும் இல்லை. பசியில் இருக்கும் பெண் தின்பது அதிகம். வயிறு நிறைந்த பெண்ணிடம் ஆண் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆணுக்கும் ஆபத்து தெரியும். பின்பக்கமாக, பெண் தலையைத் திருப்பினால் கல்லாக உறைந்து, திரும்பாதபோது ஓர் அடி வைத்து, மணிக்கணக்கில் நெருங்கும். கடைசியில் ஒரு தாவல்.

தலை போன பிறகும் உடல் சேர்க்கையைத் தொடரும் என்பது உண்மைதான். சேர்க்கையை நடத்தும் நரம்பு முடிச்சு வயிற்றின் கடைசியில் இருக்கிறது. அதைத் தடுத்து வைத்திருக்கும் முடிச்சு தலையில். தலை போனால் தடை போய்விடும். 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கதிரியக்க அடையாளம் இட்ட உணவை ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தின்னப்பட்ட ஆணின் உடல், பெண்ணின் முட்டைகளுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. ஆணைத் தின்ற பெண்கள் அதிக முட்டையும் வைத்தன.

மழை விட்டதும் ஈசல் வருதே, அதுவும் இதுக்குத்தானா?

இதுக்கேதான். ஈசல் என்பது கரையானின் சிறகு முளைத்த இளம் ராஜாவும் ராணியும். மண் ஈரமாக இருந்தால்தான் புதுப் புற்றுக்குக் குழி தோண்ட முடியும், அதனால் மழைக்குக் காத்திருக்கின்றன. தரையில் இறங்கியதும் சிறகுகளை உதிர்த்துவிடும். பிறகு பெண் முன்னால் ஓட, ஆண் அதன் வாலைத் தொட்டபடியே பின்னால் ஓடும். அப்படியே ஜோடியாக ஒரு பிளவில் இறங்கிக் குழி தோண்டி மூடிக்கொள்ளும்.

தேனீயோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு பெரிய வேறுபாடு. கரையான் ராஜா சாவதில்லை. ராணியோடு அதே அறையில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, அவ்வப்போது மீண்டும் மீண்டும் சேர்கிறது. பூச்சி உலகில் இவ்வளவு நீண்ட இல்லறம் அபூர்வம்.

ஆணே இல்லாம குட்டி பொறக்குமா?

பிறக்கும். செடிக் கொழுந்தில் மொய்க்கும் அசுவினியை 1740-ல் சார்ல் போனே என்ற ஜெனீவாக்காரர் பிறந்ததிலிருந்து தனியே அடைத்து வளர்த்தார். ஆண் வாடையே படாமல் அது குட்டிகளாகப் போட்டது. இதில் இன்னும் வியப்பு, தாயின் வயிற்றில் இருக்கும் மகளின் வயிற்றிலேயே பேத்தி வளரத் தொடங்கியிருக்கும். ஒரே வாரத்தில் செடி முழுக்க அசுவினி ஆவது இதனால்தான். குளிர் பிரதேசங்களில் இலையுதிர் காலம் வந்ததும் ஆணும் பெண்ணும் பிறந்து, சேர்ந்து, குளிரைத் தாங்கும் முட்டைகளை வைக்கும்.

தேனீயில் வேறு கணக்கு. ராணி விந்துப்பையைத் திறந்துவிட்டால் முட்டை பெண்ணாகும், மூடி வைத்தால் ஆணாகும். ஆகவே ஆண் தேனீக்கு அப்பா கிடையாது, ஆனால் அம்மா வழித் தாத்தா உண்டு. நான் இதைச் சொன்னால் குழந்தைகள் பலமுறை திரும்பச் சொல்லச் சொல்வார்கள்.

குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பூச்சி இருக்கா?

கிட்டத்தட்ட. ஆப்பிரிக்காவின் செட்சீ ஈ ஒரு நேரத்தில் ஒரே ஒரு புழுவை வயிற்றுக்குள் வைத்து, உள்ளே சுரக்கும் பால் போன்ற திரவத்தால் வளர்த்து, முழு வளர்ச்சி அடைந்த பிறகே பெற்றெடுக்கிறது. புழு உடனே மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகிவிடும். வாழ்நாளில் இப்படிப் பத்துப் பிள்ளை பெற்றாலே அதிகம்.

அப்பா பார்த்துக்கிறது எதுலயாவது உண்டா?

நீரில் வாழும் பெரிய நீர்ப்பூச்சிகள் சிலவற்றில் பெண் தன் முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். ஆண் அவற்றைச் சுமந்தபடி நீர்மட்டத்துக்கு வந்து வந்து காற்றுப் படவைக்கும். அடுத்தவன் பிள்ளையைச் சுமந்துவிடக் கூடாது என்பதற்காக, சில முட்டைகளுக்கு ஒருமுறை இடையில் நிறுத்தி மறுபடி சேரும். விந்துப்பைக் கதையை நினைத்துப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

ஆணுறுப்பு பொண்ணுக்கு இருக்கிற பூச்சி இருக்குன்னு படிச்சேன். பொய்தானே?

பொய் இல்லை. பிரேசில் குகைகளில் வாழும் நியோட்ரோக்லா என்ற சிறு பூச்சியில், பெண்ணிடமிருந்து நீளும் உறுப்பு ஆணின் உடலுக்குள் போய் விந்தை உறிஞ்சி எடுக்கிறது. 2014-ல் வெளியான செய்தி. சேர்க்கை 40 முதல் 70 மணி நேரம் நீடிக்கும்.

எதிர்முனை மூட்டைப்பூச்சி. ஆண் ஊசி போன்ற உறுப்பால் பெண்ணின் வயிற்றுத் தோலையே குத்தி, விந்தை ரத்தத்தில் விட்டுவிடும். பார்க்கவே வலிக்கும் காட்சி. குத்துப்படும் இடத்தில், சேதத்தையும் தொற்றையும் குறைக்கும் தனித் திசு ஒன்று பெண்ணுக்கு உருவாகியிருக்கிறது.

ஆண் கொசுவை லட்சக்கணக்கில் வளர்த்து வெளியே விட்டால் கொசு குறையும் என்கிறார்கள். அது எப்படிக் குறையும்?

பெண் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறைதான் சேரும். அந்த ஒரு முறை சேர்ந்தது மலட்டு ஆணாக இருந்தால், அதன் விந்துப்பை வீணான விந்தால் நிரம்பிவிடும். அதன் பிறகு அது வைக்கும் முட்டை எதுவும் பொரிக்காது. ஆண் கொசு கடிக்காது என்பதால் விடுவதிலும் பயம் இல்லை.

இந்த யோசனையை முதலில் நடத்திக் காட்டியது கொசுவில் இல்லை. கால்நடைகளின் புண்ணில் முட்டை வைக்கும் திருகுப்புழு ஈயில். எட்வர்ட் நிப்லிங் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் முன்வைத்த யோசனை. கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களைத் தொடர்ந்து தூவி, 1954-ல் கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவிலிருந்தே அந்த ஈயை ஒழித்தார்கள். மருந்து தெளிப்பதை விட இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. குறிவைத்த இனத்தைத் தவிர வேறு எந்தப் பூச்சிக்கும் இதனால் கேடு இல்லை.

கடைசியா ஒண்ணு. இதுங்களுக்கு ஆசை, சந்தோஷம் எல்லாம் இருக்குமா, இல்ல இயந்திரம் மாதிரிதானா?

தனியாக வந்து கேட்பவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். வெறும் இயந்திரம் என்று நான் நினைக்கவில்லை. பழ ஈக்களில் செய்த இரண்டு ஆய்வுகளைப் பாருங்கள். 2012-ல், பெண்களால் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்ட ஆண் ஈக்களுக்குச் சாதாரண உணவையும் ஆல்கஹால் கலந்த உணவையும் வைத்தார்கள். சேர்க்கை கிடைத்த ஆண்களை விட, மறுக்கப்பட்டவை ஆல்கஹாலை அதிகம் நாடின. மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய என்பிஎஃப் என்ற ஒரு வேதிப்பொருள் மறுக்கப்பட்டவற்றில் குறைந்திருந்தது, சேர்ந்தவற்றில் கூடியிருந்தது.

2018-ல் இஸ்ரேலில் இன்னொன்று. சிவப்பு வெளிச்சம் பட்டால் விந்து வெளியேற்றும் நரம்புகள் தூண்டப்படும்படி ஆண் ஈக்களை மாற்றியமைத்தார்கள். ஒரு பெட்டியில் பாதிக்கு மட்டும் சிவப்பு வெளிச்சம். அங்கே பெண்ணே இல்லை. ஆனாலும் ஈக்கள் வெளிச்சம் இருந்த பாதியிலேயே போய் நின்றன. அந்த ஈக்களின் மூளையில் அதே என்பிஎஃப் கூடியிருந்தது, அதன் பிறகு ஆல்கஹாலையும் அவை நாடவில்லை.